பிளேன் பைத்தியம் பிடித்த மகன், இரத்மலானை மியூசியம்: கூட்டிக்கொண்டு போகலாமா?

கல்லடியான்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, கதைதான் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஒன்பது வயது. மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு ஒரு சின்ன பிளேன் இறங்குகிற சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு முற்றத்துக்கு ஓடுவான். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க ஜெட் படம்தான். யூடியூப்பில் பார்த்துப் பார்த்து இப்போது வாலைப் பார்த்தே எது மிக், எது கிபிர் என்று சொல்கிறான், நான் தலையாட்டுகிறேன். இரத்மலானையில் விமானப்படை மியூசியம் ஒன்று இருக்கிறது, பழைய ஹேங்கருக்குள் உண்மையான பிளேன்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எங்கேயோ பார்த்துவிட்டான். வருகிற லீவுக்கு வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன்தானே அப்பா என்று ரயில் பாதை வரைக்கும் படித்து வைத்திருக்கிறான்.

சிக்கல் நான்தான். 1990இல் எனக்கு ஏழு வயது. ஹெலி சத்தம் கேட்டால் அம்மா எங்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடி வாழைக்குள் குப்புறப் படுக்க வைப்பா. அந்த ஈர மண் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. சுனாமி முடிந்த கிழமை, எங்கள் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நிற்க, ஒரு ஹெலி கரையோரமாக வந்தது. உதவிக்குத்தான் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இருபது வயது கடந்த ஆம்பிளை நான், கவிழ்ந்து கிடந்த வள்ளத்துக்குக் கீழே போய்விட்டேன். கூட நின்ற பொடியன்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மனைவி சொல்கிறா, உங்கட பயத்தை அவன் தலையில் கட்டாதீங்க, அவனுக்கு அது விளையாட்டுச் சாமான் என்று. அம்மா ஒரே கேள்விதான் கேட்டா: "அதைப் போய்க் காசு குடுத்துப் பார்க்கவோ?"

போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் தேவை, சின்னப் பிள்ளைக்குச் சரிவருமா? அங்கே நின்று அவனுக்கு நான் என்ன சொல்வது என்பதும் ஒரு கேள்விதான், அதற்கு விடை வருமோ தெரியாது.

ஊறணி டு வெள்ளவத்தை

நானும் மட்டக்களப்புதான், வேலைக்காகக் கொழும்பு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பிள்ளைகளோடு இரண்டு தரம் போயிருக்கிறேன். முதலில் நடைமுறை விஷயம். விமானப்படை முகாமுக்குள்ளேதான் மியூசியம், அதனால் அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போன் பண்ணிக் கேளுங்கள். ஸ்டேஷனில் இருந்து நடக்க வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, அவ்வளவுதான். அவசரப்படாமல் பார்த்தால் இரண்டரை மணித்தியாலம் காணும். உங்கள் மகன் மாதிரி ஆள் என்றால் அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது கூரையின் உயரம். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே அரை இருட்டு, பழைய எண்ணெய் வாசம். பிளேன்கள் நினைத்ததை விடச் சின்னன். சிப்மங்க் என்று இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருக்கிற பயிற்சி விமானம் ஒன்று உண்டு. 1951 மார்ச் 2 அன்று றோயல் சிலோன் விமானப்படை என்று தொடங்கியபோது வாங்கிய முதல் ரகம் அதுதான். இறக்கையைப் பார்த்தால் நம்மூர்த் தச்சர் ஒருவரே செய்துவிடுவார் போல இருக்கும். என் சின்னவன் "இது பறக்குமா?" என்று கேட்டான். பேலியோல் (Balliol) என்று இன்னொன்று, மூக்கு நீண்ட பிரிட்டிஷ் பிளேன். உலகத்தில் மிஞ்சியிருப்பவை மிகச் சில, அதில் ஒன்று இங்கே நிற்கிறது. பிளேன் பைத்தியங்களுக்கு அது பொக்கிஷம், மற்றவர்களுக்கு வெறும் தகரம்.

அப்புறம் ஜெட் புரொவோஸ்ட். 1959இல் வாங்கினார்கள், நாட்டின் முதல் ஜெட். இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது: அந்த ஜெட் முதன்முதலில் சண்டைக்குப் பறந்தது வடக்குக் கிழக்கில் இல்லை, 1971 ஏப்ரலில் ஜேவிபி என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியை அடக்கத்தான். கீழே இருந்தது சிங்களக் கிராமத்துப் பொடியன்கள். அந்தக் கிளர்ச்சியால்தான் அதே வருடம் ரஷ்யாவிடம் இருந்து மிக்-17 வந்தது. அதுவும் அங்கே நிற்கிறது, வாயைப் பிளந்த சுறா மாதிரி. உங்கள் மகன் அதை விட்டு நகரமாட்டான், சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புக்காரா ஒன்று இருக்கிறது. ஆர்ஜென்டினாவில் செய்தது, இரண்டு எஞ்சின், மூக்கில் பீரங்கியும் மெஷின் கன்னும். 90களில் வந்த நான்கில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதன் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் ஒன்று. அந்த இடத்தின் கதை நம்முடைய யுத்தத்தோடு தொடங்கவில்லை. இரத்மலானை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தளம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட வந்தபோது ஹரிக்கேன் விமானங்கள் இங்கேயிருந்தும் எழும்பின. அதற்கு முதல் நாள்தான் கொக்கலையில் இருந்து போன கெட்டலினா என்ற கடல் விமானம் ஒன்று, ஜப்பான் கப்பல் படையைக் கடலில் கண்டு செய்தி அனுப்பியது. அப்படி இருந்தும் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் இங்கே ஆட்கள் பிளேனை நோக்கி ஓடினார்கள். ஈஸ்டர் ஞாயிறு என்றால் மட்டக்களப்பில் எங்களுக்கு இப்போது 2019தான் ஞாபகம் வரும், அது வேறு கதை.

தம்பிலுவில் வாத்தியார்

நான் போகமாட்டேன். தம்பி போகக்கூடாது என்று சொல்லவரவில்லை, என்னால் முடியாது, அவ்வளவுதான்.

பிளேன் முன்னால் வைக்கிற அட்டையில் என்ன எழுதுவார்கள்? எஞ்சின் இத்தனை குதிரை வலு, வேகம் இத்தனை, உயரம் இத்தனை. எந்த நாட்டு மியூசியம் என்றாலும் அதுதான். சந்தையில் மாடு விற்கிறவன்கூடப் பல்லைப் பிடித்துக் காட்டிவிட்டு, முட்டுமா என்று கேட்டால் உண்மையைச் சொல்வான். மகனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்தானே. அட்டையை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், இதில் என்ன இல்லை என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை நம்மை விட நன்றாகச் சொல்லும். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

சாய்ந்தமருது நிஸா

வாத்தியார் சேர் சொல்வது சரிதான், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்கா கூட்டிப்போகிறோம்?

எங்கட தம்பிக்கும் இதே பைத்தியம்தான். வாப்பாவின் மேசை ஃபேனைக் கழற்றி, மோட்டாரை எடுத்துப் பலகையில் பூட்டி, ப்ரொபெல்லர் என்று சொல்லிச் சுற்றவிட்டு, உம்மாவின் கோழிக்கூடு பாதி பறந்துவிட்டது. அடியும் வாங்கினான். இப்போது கட்டாரில் பயணிகள் விமானத்தின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற வேலை செய்கிறான், கோழிக்கூட்டைத் திருப்பிக் கட்டித்தந்ததும் அவன் காசுதான். கல்லடி அண்ணன், கூட்டிப்போங்கள். மறந்துவிடாமல் ஒரு படக் கொப்பியும் பென்சிலும் பையில் வையுங்கள், போனில் படம் பிடிக்கிற பிள்ளையை விட வரைகிற பிள்ளை ஒரு இடத்தில் நிற்கும். எனக்கும் இரண்டு பொடியன்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஹாரோ மட்டக்களப்பான்

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஹெண்டனில் றோயல் விமானப்படை மியூசியம் இருக்கிறது, கொலின்டேல் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம், உள்ளே போகக் காசு இல்லை. ஊரில் இருந்து யாராவது பிள்ளைகளோடு வந்தால் மழைநாளுக்கு எங்கட குடும்பம் ஓடுவது அங்கேதான்.

இங்கே கட்டிடத்தையே பார்க்கலாம். முதலாம் உலகப் போர்க் காலத்து இரண்டு ஹேங்கர்களைப் பழுதுபார்த்து, ஒன்றாக்கி, 1972இல் மியூசியமாகத் திறந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையைத் தாங்குவது இரும்பு இல்லை, மரம். பெல்ஃபாஸ்ட் ட்ரஸ் என்று சொல்வார்கள். சின்னச் சின்னப் பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து ஆணி அடித்து, வில் மாதிரி வளைத்திருக்கிறான். தட்டி கட்டுவது போலத்தான், ஆனால் ஒரு நெல் ஆலையே உள்ளே போகிற அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. தூண் இருந்தால் இறக்கை முட்டும். போர் நேரத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் கிடைத்த பலகையில் செய்தார்கள். நூறு வருடம் தாண்டி நிற்கிறது. நான் கட்டிட வேலைக்காரன், பிளேனை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக் கழுத்து நோகத் திரிந்தேன், மனைவி தலையில் அடித்துக்கொண்டா.

அடுத்த கட்டிடத்தில் லங்காஸ்டர் ஒன்று நிற்கிறது, நாலு எஞ்சின் பொம்மர். மூக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாகச் சின்னக் குண்டுப் படங்கள், பறந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒன்று, நூற்றுக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே, எதிரி விமானம் எதுவும் ஜெர்மனிக்கு மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவன் கோரிங் பேசிய பேச்சை அவனைக் கிண்டல் பண்ணவே எழுதி வைத்திருக்கிறார்கள். என் மகள் அந்தக் குண்டுகளைத் தொடாமல் விரலால் காற்றில் எண்ணிக்கொண்டு போனவள், நாற்பதோ ஐம்பதோ வந்ததும் நின்று, "அப்பா, இது ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஊரா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மறுகா எண்ணவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அந்த பிளேனைப் பார்த்துக் கண்ணீர் துடைத்தார். அவருடைய ஆள் யாராவது அதில் பறந்திருக்கலாம், அல்லது கீழே இருந்திருக்கலாம், கேட்கவில்லை.

வாவிக்கரை

எல்லாரும் கொழும்பு, லண்டன் என்று போகிறீர்கள். கல்லடிக்காரரே, உங்கள் வீட்டுக் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, ஐம்பது மீட்டருக்கும் கீழே, விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று கிடக்கிறது. மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

பெயர் ஹெர்மிஸ், பிரிட்டிஷ் கப்பல். விமானம் தாங்குவதற்கென்றே முதலில் இருந்து வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அதுதான், 1918இல் வேலை தொடங்கினான். 1942 ஏப்ரலில் திருகோணமலையில் நின்றது. ஜப்பான்காரன் அடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும் 8ஆம் தேதி இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போகச் சொன்னார்கள். 9ஆம் தேதி காலை திருகோணமலைக்கு அடி விழுந்தது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஒரு ஜப்பான் பிளேன் போய் விழுந்து, அது நாள்கணக்காக எரிந்தது, உருகிச் சுருண்ட தகரத்தை இப்போதும் பார்க்கலாம். அடி முடிந்ததும் ஹெர்மிஸைத் திரும்பி வா என்றார்கள். திரும்பும்போது மட்டக்களப்புக்கு நேரே ஜப்பான்காரன் கண்டுபிடித்துவிட்டான். எண்பதுக்கு மேல் குண்டுவீச்சு விமானம் அனுப்பினான். விமானம் தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு பிளேன்கூட இல்லை, எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தது. வலையில்லாத தோணி.

ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், உதவிக்குப் பறந்த ஃபுல்மர் விமானங்களில் ஒரு கூட்டம் எழும்பியது அதே இரத்மலானையில் இருந்துதான். தீவின் அந்தக் கரையில் இருந்து இந்தக் கரைக்கு. வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. 307 பேர் செத்தார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலானவர்களை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் பொறுக்கி எடுத்தது.

எங்கள் அப்பாவுக்கு அந்தச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. அங்கே வலை போட்டால் கிழியும், தூண்டில் போட்டால் பெரிய பாரை படும் என்று மட்டும் தெரியும். கரையில் எந்த மரத்தையும் எந்தக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்தால் இடம் வரும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார், ஜிபிஎஸ் வந்த பிறகு சரிபார்த்தேன், பிழை இல்லை. சுழியோடிகள் வருகிற காலத்தில் நான் படகு ஓட்டுவேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் யாரும் உடனே கதைப்பதில்லை, இதை நான் ஒவ்வொரு தரமும் கவனித்திருக்கிறேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதாம், பீரங்கிகள் இன்னும் இருக்கிறதாம், மேலெல்லாம் பவளம் முளைத்து மீன் அடைந்திருக்கிறதாம். அங்கே அட்டையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

நீங்கள் இரத்மலானைக்கும் போங்கள். வந்த பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள். இறங்கிப் பார்க்க முடியாது, அது பயிற்சி எடுத்தவர்களுக்கே கஷ்டமான ஆழம். மேலே படகை நிறுத்தி, இதற்கு நேரே கீழே என்று காட்டலாம்.

கல்லடியான்

போய் வந்துவிட்டோம். இவ்வளவு பேர் எழுதியதற்குப் பிறகு முடிவைச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

ஊறணி அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது, மிக்-17இன் முன்னால் முக்கால் மணித்தியாலம். நிஸா அக்கா சொன்ன படக் கொப்பி உண்மையிலேயே வேலை செய்தது, பக்கத்தில் வந்த சிங்களப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்து, வால் பிழை என்று காட்ட, இரண்டு பேரும் சைகையிலேயே சண்டை பிடித்து, கடைசியில் அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. வாத்தியார் சேருக்கு: அட்டையை வாசிக்கச் சொன்னேன். என்ன இல்லை என்று கேட்டேன். "எவ்வளவு சத்தம் போடும் என்று போடவில்லை" என்றான்.

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பக்கத்தில் ஒரு ஹெலி நின்றது. பக்கவாட்டில் கதவு, உள்ளே தேய்ந்த சீட், கண்ணாடியில் தூசு. அதைச் சுற்றி வந்தேன், ஒன்றும் வரவில்லை, பயமும் வரவில்லை. ஏனென்றால் நான் அப்போது ஹெலியைப் பார்த்ததே இல்லை! முகம் மண்ணுக்குள் இருந்தது. எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான், இங்கே சத்தம் இல்லை.

இதை யோசித்து முடிக்கவில்லை, வெளியே ஓடுபாதையில் பயிற்சி பிளேன் ஏதோ ஸ்டார்ட் பண்ணினான். என் தோள் குனிந்துவிட்டது. மகன் பார்த்துவிட்டான். அங்கே ஒன்றும் கேட்கவில்லை, கல்கிசை தாண்டும்போது ரயில் ஜன்னல் பக்கம் இருந்து கேட்டான், சொன்னேன். வாழைக்குள் படுத்தது, வள்ளத்துக்குக் கீழே போனது எல்லாம். வள்ளக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். வாழைக் கதைக்குச் சிரிக்கவில்லை. அப்பம்மாவும் படுத்தாவா என்று மட்டும் கேட்டான். இல்லை, அப்பம்மா எங்களுக்கு மேலே படுத்தா என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போனில் படங்களைக் காட்டினான். மற்றது ஒன்றையும் அவ பார்க்கவில்லை. ஹெலி படம் வந்ததும் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, தூரத்தில் பிடித்துப் பார்த்தா. "இவ்வளவு சின்னதா இது?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தா. பிறகு மீன் வெட்டப் போய்விட்டா.

வாவிக்கரை அண்ணன், படகுப் பேச்சு உண்மைதானே? இவன் தினமும் கேட்கிறான். இப்போது கொப்பியில் பிளேன் இல்லை, கப்பல்.

வாவிக்கரை

உண்மைதான். கடல் இப்போது சரியில்லை, சித்திரை பிறந்த பிறகு வாருங்கள். அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் என்னிடம் இல்லை, ஒன்று தேடி வைக்கிறேன். காலையில் சாப்பிடக் கொடுக்காமல் கூட்டி வாருங்கள், முதல் தரம் எல்லாரும் சத்தி எடுப்பார்கள்.